ஓடும் சுவர்

“பின்னணி சும்மா நிக்குதே சார், ஏதாவது ஓட விடுங்க.” மோஷன் கிராஃபிக்ஸ் தொழிலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அதிகம் கீழ்ப்படிந்ததும் இதற்குத்தான்.

ஓட விடுவது பெரிய வித்தையல்ல. ஒரு சதுரப் படத்தை, அதன் இடது ஓரம் வலது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் பொருந்தும்படி வரைந்துகொள்ள வேண்டும். புடவைக்கு அச்சுக்கட்டை செதுக்குகிறவர்களுக்கு இது பழைய சங்கதி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அதை அடுக்கி நகர்த்தினால் முடிவில்லாத சுவர் ஒன்று ஓடத் தொடங்கும். சூட்சுமம் கணக்கில் இருக்கிறது. சதுரத்தின் அகலம் 500 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம் என்றால், 10 நொடியில் 250 ஃபிரேம். ஃபிரேமுக்குச் சரியாக 2 பிக்சல். முதல் ஃபிரேமின் நகல் கடைசியிலும் வந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். “ஒட்டே தெரியலையே!” என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

என் அத்தைக்குக் காது கேட்காது. செய்தியைத் திரையில் வரும் எழுத்தில்தான் படிப்பார். ஒருநாள், “எழுத்து நிக்கவே மாட்டேங்குதுடா, தலை சுத்துது” என்றார். எழுத்து நிக்குது அத்தை, பின்னாடிதான் ஓடுது என்று எழுதிக் காட்டினேன். “பின்னாடி எதுக்குடா ஓடணும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அத்தை சொன்னது பிரமைதான். ஆனால் எல்லோருடைய கண்ணுக்கும் பொதுவான பிரமை. மேகம் ஓடும் இரவில் நிலா ஓடுவதாகச் சொல்லாத குழந்தை உண்டா? பரந்து கிடப்பதை நிலம் என்று கண் நம்புகிறது. நிலம் நகர்ந்தால், நிற்பது எதிர்த்திசையில் நகர்கிறது. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஓர் அருவியை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தார். பாறை மேலே ஏறுவதுபோல் தெரிந்ததாம். அந்த அருவியைத்தான் நாம் செய்திக்குப் பின்னால் நாள் முழுக்கக் கொட்டவிடுகிறோம்.

“அசையாத திரையை யார் சார் பார்ப்பா?” என்பார்கள். வாசலில் போட்ட சிக்குக் கோலத்தைப் பார்ப்பதில்லையா? அதுவும் திரும்பத் திரும்ப வரும் வடிவம்தான். கோலம் அசையாமல் கிடக்கிறது. நம் கண்தான் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அந்த நடையைப் பார்ப்பவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அவருக்குப் பதிலாகச் சுவரை ஓட விடுவதற்குப் பெயர் உயிரூட்டலா?

இணையப் பக்கங்களுக்காவது ஒரு நெறி இருக்கிறது: மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து தானாக ஓடத் தொடங்கி 5 நொடிக்கு மேல் நீடிப்பதை நிறுத்தவோ மறைக்கவோ பயனருக்கு வழி தரவேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. தொலைக்காட்சியில் அத்தைக்கு அந்தப் பொத்தான் எங்கே? சேனலை மாற்றலாம். மாற்றினால் அங்கேயும் ஒரு சுவர் ஓடுகிறது.

எல்லா அசைவும் தப்பு என்று நான் சொல்லவில்லை. நிகழ்ச்சி தொடங்குமுன் வெறும் இசை ஒலிக்கும் நேரம், மேடைக்குப் பின்னால் தொங்கும் திரை — அங்கெல்லாம் தாராளமாக ஓடட்டும். இப்போது யாராவது “ஓட விடுங்க” என்றால் ஒன்றுதான் கேட்கிறேன்: அதுக்கு மேல யாராவது எதையாவது படிக்கணுமா? ஆமாம் என்றால், சுவர் நிற்கும். அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயிருக்கின்றன. போகட்டும்.