மரமும் பகையாகுமோ?

(பி.எஸ்ஸி., தாவரவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

"தைலமரத்துக்குப் பக்கத்துல கத்தரி வராதுடா. அது மண்ணுல நஞ்சை எறக்கும்" என்று என் தந்தையார் சொன்னபோது, நான் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "மரமாவது நஞ்சு எறக்குறதாவது! அதெல்லாம் மூடநம்பிக்கைப்பா" என்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த மிடுக்கில் வந்த பேச்சு அது. அவர் மறுமொழி கூறாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் கத்தரித் தோட்டத்தின் கிழக்கு வரப்பை ஒட்டிப் பெரியப்பாவின் தைலமரங்கள் வரிசையாக நிற்கின்றன. வரப்போரத்து நான்கு பாத்திகளில் செடி முழங்கால் உயரம்கூட வருவதில்லை. மரத்தை வெட்டும்படி அப்பா கேட்டார். "உனக்குப் பாடுபடத் தெரியலை, மரத்து மேல பழியா?" என்றார் பெரியப்பா. அதிலிருந்து இரண்டு ஆண்டுகளாக இரு வீட்டாருக்கும் பேச்சு இல்லை.

இவ்வாண்டு சூழ்நிலையியல் வகுப்பில் என் தலை கவிழ்ந்தது. ஒரு தாவரம் வெளியிடும் வேதிப்பொருள் அண்டைத் தாவரத்தின் முளைப்பையும் வளர்ச்சியையும் பாதிப்பது உண்மையே. அதற்கு 'அல்லெலோபதி' என்று 1937-ல் பெயர் சூட்டியவர் ஆஸ்திரியத் தாவரவியல் அறிஞர் ஹான்ஸ் மோலிஷ். வட அமெரிக்காவின் கறுப்பு வால்நட் மரத்தில் ஜுக்ளோன் என்னும் பொருள் உண்டு. அது தக்காளிச் செடிக்கு நஞ்சு என்பது 1928-லேயே சோதித்துக் காட்டப்பட்டது. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் ஒரே குடும்பச் செடிகள் என்பதை நாம் அறிவோம்.

தைலமரத்தில் ஜுக்ளோன் இல்லை. ஆனால் அதன் இலையில் சினியோல் முதலிய எண்ணெய்ப் பொருள்களும் பீனாலிக் அமிலங்களும் உள்ளன. உதிர்ந்த சருகிலிருந்து மழைநீர் இவற்றில் ஒரு பகுதியைக் கரைத்து மண்ணில் இறக்குகிறது. ஆசிரியரின் அனுமதியுடன் சருகு ஊறிய நீரில் கத்தரி விதைகளையும், வெறும் நீரில் அதே அளவு விதைகளையும் வைத்துப் பார்த்தேன். வெறும் நீரில் பெரும்பாலானவை முளைத்தன. சருகு நீரில் சிலவே முளைத்தன. அவற்றின் வேரும் குட்டையாகவே இருந்தது.

அப்படியானால் அப்பாவே வென்றார் என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. கண்ணாடித் தட்டில் மண் இல்லை. வயலிலோ களிமண்ணும் மட்கும் இந்தப் பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நுண்ணுயிர்கள் சிதைத்தும் விடுகின்றன. மேலும் மரம் நீரையும் உரத்தையும் உறிஞ்சுகிறது, வெயிலையும் மறைக்கிறது. எது காரணமாயினும் செடி குட்டையாகத்தான் நிற்கும். வால்நட் மரத்தடியில் காணும் வாட்டத்துக்கு ஜுக்ளோன் எவ்வளவு பொறுப்பு என்பதிலேயே அறிஞர்கள் இன்றும் ஒத்த கருத்துக் கொள்ளவில்லை.

ஆகவே சென்ற விடுமுறையில் அப்பாவும் நானும் ஒரு காரியம் செய்தோம். முதல் பாத்தியில் விழும் சருகை நாள்தோறும் கூட்டி வாரினோம். இரண்டாவதன் வரப்போரம் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, புகுந்திருந்த வேர்களை அறுத்தோம். மூன்றாவதில் இரண்டையும் செய்தோம். நான்காவதைத் தொடவில்லை. சருகு நீக்கிய பாத்தி தேறினால் குற்றம் சருகினுடையது. பள்ளம் தோண்டிய பாத்தி தேறினால் வேரினுடையது. எதுவும் தேறாவிட்டால் நிழலையும் ஐயுற வேண்டும். எதுவாயினும், மரத்தை வெட்டாமலே பயிரைக் காக்க வழி உண்டா என்பது தெரிந்துவிடும்.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, "நாலாவதை ஏன்டா விட்டுட்டே?" என்று கேட்டார். "ஒப்பிட்டுப் பாக்கத்தான் பெரியப்பா" என்றேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அது. செடிகள் இப்போதுதான் பூத்திருக்கின்றன. முடிவு இனிமேல்தான்.

நண்பர்களே! நம்மில் பலர் என்னைப் போல வீட்டின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். புளிய மரத்தடியில் ஒன்றும் முளைக்காது என்பது போன்ற சொற்கள் நம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவற்றைக் கேலி செய்வதும் அறிவன்று. அப்படியே நம்பிவிடுவதும் அறிவன்று. சோதித்துப் பார்ப்பதே நாம் கற்ற கல்விக்கு அழகு. பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு செய்முறைத் தேர்வையாவது மாணவர் தம் ஊர் வயலிலிருந்து கொண்டுவரும் கேள்வியாக வைக்கலாகாதா? அன்று என் தந்தையார் சொல்லாமல் விட்ட மறுமொழிக்கு என்னால் இயன்ற கைம்மாறு இவ்வேண்டுகோளே.