வரிப் பாரம் யாருடைய பாரம்?

'பாரம்' என்றால் தமிழில் சுமை என்று பொருள். மலேசியத் தமிழராகிய நம் பேச்சில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பள்ளியில் சேரவும் உதவிநிதி கேட்கவும் அடையாள அட்டை எடுக்கவும் நாம் நிரப்பிக் கொடுக்கும் தாளையும் பாரம் என்றே அழைக்கிறோம். இந்த இரண்டு பொருளும் ஒன்றாய்ச் சேர்ந்து நம் வீடுகளுக்குள் நுழையும் காலம் ஒன்று உண்டு. அதுதான் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் தொடங்கி மே வரை நீளும் வருமான வரிக் காலம்.

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துப் பல்கலைக்கழகம் வந்தவர்கள். தேசிய மொழியைத் தடையில்லாமல் படிக்கவும் எழுதவும் தெரிந்த முதல் ஆளாக வீட்டில் நாம் இருப்போம். ஆகவே, வங்கிக் கடிதம் வந்தாலும் மருத்துவமனைக் கடிதம் வந்தாலும் அது நம் கைக்கே வரும். வரிப் பாரமும் அப்படியே வந்து சேர்கிறது. "நீயே முடிச்சு விடும்மா" என்ற ஒரு வார்த்தையோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடுகிறது. இது சரியா என்பதே என் கேள்வி. வரிப் பாரம் நிரப்புவது வீட்டின் வேலை; படித்த பிள்ளை ஒருவரின் வேலையாக அது சுருங்கிவிடக் கூடாது என்பது என் கருத்து.

முதலில் இந்த வேலை எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்பதைப் பார்ப்போம். இந்நாட்டில் வருமான வரி 1948-இல் நடப்புக்கு வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். 2004-க்கு முன்பு தனிநபர்கள் தங்கள் வருமான விவரத்தை எழுதி அனுப்புவார்கள். எவ்வளவு வரி என்று கணக்கிட்டுச் சொல்வது வரி வாரியத்தின் வேலையாக இருந்தது. 2004-ஆம் ஆண்டில் தனிநபர்களுக்குச் சுய மதிப்பீட்டு முறை அறிமுகமானது. அன்று முதல் வருமானத்தைக் கூட்டுவது, எதையெல்லாம் கழிக்கலாம் என்று முடிவு செய்வது, வரியை அறிவிப்பது எல்லாம் வரி செலுத்துவோரின் பொறுப்பு. கணக்கு அலுவலகத்தில் நடந்த வேலை சமையலறை மேசைக்கு மாறிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் பொறுப்பு சாதாரணமானதா? சம்பளக்காரர்கள் ஏப்ரல் 30-க்குள் பாரத்தை அனுப்ப வேண்டும். இணையம்வழி அனுப்புவோருக்கு மே 15 வரை கூடுதல் அவகாசம் வழங்கப்பட்டு வருகிறது. அனுப்பத் தவறினால் 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இணையப் பாரத்தின் கடைசிப் பகுதியில், கொடுத்த விவரங்கள் உண்மையானவை என்று உறுதி கூறி, அடையாள அட்டை எண்ணையும் மறைச்சொல்லையும் தட்ட வேண்டும். அதுவே கையொப்பம். அப்பாவின் மறைச்சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளை அந்தப் பொத்தானை அழுத்தும்போது, அப்பா படிக்காத ஓர் உறுதிமொழியில் அப்பாவின் கையெழுத்து விழுகிறது. நாளை வாரியத்திலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. ஆனால், எதற்கு என்ன எழுதப்பட்டது என்பது பிள்ளைக்கு மட்டுமே தெரியும். இரவில் தூக்கம் கெடுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் வீட்டிலும் ஐந்தாம் படிவம் முடித்த ஆண்டிலிருந்து இந்த வேலை என்னுடையதாகிவிட்டது. அப்பா தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்; அம்மா ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறார். முதலாளிகள் பிப்ரவரி இறுதிக்குள் கொடுக்க வேண்டிய இ.ஏ. பாரத்தை அப்பா நான்காக மடித்துச் சட்டைப் பையில் கொண்டு வருவார். அதில் ஆண்டு முழுவதற்குமான சம்பளம், ஊழியர் சேமநிதிக்குப் போன தொகை, மாதந்தோறும் பிடித்த வரி எல்லாம் இருக்கும். அப்பாவின் அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன். பாரத்தில் இருந்த தொகை அதைவிட எவ்வளவோ அதிகம். இடையில் இருந்த அந்த வித்தியாசம்தான் அப்பா வீட்டில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் என்று அப்போது புரிந்தது. அந்தக் கணக்கை ஒரு தாளில் தெரிந்துகொள்வதைவிட அவர் வாயால் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நம் வீடுகளில் பணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதில்லை. பேசாத அதே வீடு, மொத்தக் கணக்கையும் ஒரு நாள் இரவில் பிள்ளையின் முன்னால் கொட்டிவிடுகிறது.

கொட்டும் பொருளோ ரசீதுகள். பிஸ்கட் டின்னில் பாதி, அம்மாவின் கைப்பையில் பாதி, காரில் கொஞ்சம். கடைகளில் கிடைக்கும் மெல்லிய ரசீதுத் தாளில் எழுத்து சில மாதங்களிலேயே வெளுத்துவிடுகிறது. 7 ஆண்டுகள் இருக்க வேண்டிய சான்று 7 மாதங்கள்கூடத் தாங்குவதில்லை. இதைவிடச் சிக்கலானது உறவுகளின் கணக்கு. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழித்துக்கொள்ளலாம். உடன்பிறந்தவர்கள் பலர் செலவைப் பகிர்ந்திருந்தால் அவரவர் கொடுத்ததைக் கோரலாம்.  பாட்டியின் சிகிச்சைக்கு மாமா எவ்வளவு கொடுத்தார், பெரியம்மா எவ்வளவு கொடுத்தார், ரசீது யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டியவர் யார்? இருபது வயதுப் பேத்தி தொலைபேசியில் கேட்டால், "அம்மாவுக்குச் செஞ்சதுக்குக் கணக்கா கேக்குற?" என்ற பதில்தான் வரும். இது அண்ணன் தங்கைகள் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டிய பேச்சு.

கணவன் மனைவியும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். உள்நாட்டில் டிப்ளோமா அல்லது பட்டப்படிப்பை முழுநேரமாகப் படிக்கும் திருமணமாகாத பிள்ளைக்காக 8,000 ரிங்கிட் கழிவு உண்டு. ஒரே பிள்ளைக்குத் தாயும் தந்தையும் இருவருமே முழுத் தொகையைக் கோர முடியாது. ஒரு வீட்டில் மற்ற கழிவுகளெல்லாம் போக அப்பாவின் வரிக்குரிய வருமானம் 44,000 ரிங்கிட், அம்மாவுடையது 26,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 35,000-க்கு மேல் 50,000 வரையிலான வருமானத்துக்கு 6 விழுக்காடு வரி. பிள்ளையின் கழிவை அப்பா கோரினால் 44,000 என்பது 36,000 ஆகும். 480 ரிங்கிட் மிச்சம். அதையே அம்மா கோரினால்? அவருடைய 26,000-க்கு வரி 330 ரிங்கிட்தான். வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு வரியிலிருந்தே 400 ரிங்கிட் குறைக்கப்படுவதால் அவர் கட்ட வேண்டியது ஏற்கனவே ஒன்றுமில்லை. 8,000 ரிங்கிட் கழிவும் வீணாகிவிடும். அப்பாவின் பாரத்தை ஒரு நாளும் அம்மாவின் பாரத்தை இன்னொரு நாளும் தனித்தனியே நிரப்பினால் இது கண்ணில் படாது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

மொழிக் கழக இதழில் வரிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் மொழிக்கு வேலை இருக்கிறது. வரியில் மூன்று வெவ்வேறு செயல்கள் உள்ளன. சில வருமானம் கணக்கிலேயே சேராது. சில செலவுகள் வருமானத்திலிருந்து கழியும். சில தொகைகள் கடைசியில் வரியிலிருந்தே குறையும். மலாயில் இம்மூன்றுக்கும் மூன்று சொற்கள். நாமோ வீட்டில் மூன்றையும் 'கழிவு' என்றே சொல்லிவிடுகிறோம். 3 விழுக்காடு வரி கட்டுபவருக்கு வருமானத்தில் 400 ரிங்கிட் கழிந்தால் மிச்சம் 12 ரிங்கிட். வரியில் 400 குறைந்தால் மிச்சம் 400. ஒரே சொல்லைச் சொன்னால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது? முதலாவதை விலக்கு என்றும், இரண்டாவதைக் கழிவு என்றும், மூன்றாவதைத் தள்ளுபடி என்றும் பிரித்துச் சொன்னபோது அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. துணிக்கடையில் தள்ளுபடி பார்த்தவர்தாமே! தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சோழர் காலத்தில் வரிக் கணக்கைப் பார்த்த அலுவலகத்துக்குப் 'புரவுவரித் திணைக்களம்' என்று பெயர் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே புகழப்பட்டான். சொற்கள் நம்மிடம் உண்டு. அவற்றைப் பட்டிமன்றத்தில் பேசுகிறோம். வீட்டு மேசையில் பேசுவதில்லை.

"பணம் கொடுத்தால் முகவர் செய்துவிட்டுப் போகிறார், எதற்கு இந்தத் தலைவலி?" என்று கேட்பவர்களும் உண்டு. தகுதி பெற்ற வரி முகவரை நாடுவதில் தவறில்லை. கடை வைத்திருப்போருக்கும் பல வகை வருமானம் உள்ளோருக்கும் அது தேவையும்கூட. ஆனால், யாரென்று தெரியாதவரிடம் மறைச்சொல்லைக் கொடுத்து, "நிறையப் பணம் திரும்பி வரும்" என்ற பேச்சை நம்புவது ஆபத்து. இல்லாத செலவை அவர் எழுதினாலும் பொறுப்பு பாரத்துக்கு உரியவருடையதே.

"அப்பா அம்மாவுக்கு மலாயில் படிக்கச் சிரமம். பிள்ளை உதவாமல் வேறு யார் உதவுவது?" என்ற கேள்வி நியாயமானது. உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நமக்காக உழைத்தவர்களுக்கு நாம் படித்த படிப்பு பயன்படத்தான் வேண்டும். ஆனால், படித்துக் காட்டுவது வேறு, அவருக்குப் பதிலாக முடிவெடுப்பது வேறு. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சம்பளச் சீட்டில் ஒரு ரிங்கிட் குறைந்தாலும் கண்டுபிடித்த தலைமுறை அது. அவர்களுக்குக் கணக்கு தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாதது பாரத்தின் மொழி மட்டுமே. அதை நாம் தமிழில் சொன்னால், முடிவை அவர்களே எடுப்பார்கள்.

ஆகவே, என் யோசனைகள் இவை. ஜனவரியிலேயே வீட்டில் ஆளுக்கோர் உறை வைத்து ரசீதுகளை அதில் போட வேண்டும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்துவிட வேண்டும். இ.ஏ. பாரம் கிடைத்ததும், மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் இருவரும் பிள்ளையோடு உட்கார வேண்டும். ஒவ்வொரு வரியையும் பிள்ளை தமிழில் வாசிக்கட்டும். தொகையைப் பெற்றோர் சொல்லட்டும். மறைச்சொல் அவரவரிடமே இருக்கட்டும். கடைசிப் பொத்தானை அப்பா தம் விரலால் அழுத்தட்டும். அம்மா தம்முடையதைத் தாமே அழுத்தட்டும். எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான் நடக்கிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது மூன்று மணி நேரம் ஆகிறது. ஆனால், அதன்பின் யாருக்கும் ஆண்டு முழுவதும் பயமில்லை. ஐந்தாம் படிவக் கணிதப் பாடத்தில் வரிவிதிப்பு இப்போது தனிப் பாடமாக இருக்கிறது. என் தம்பியும் அந்தப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.

நம் கழகத்துக்கும் இதில் பங்குண்டு. ஆண்டுதோறும் கவியரங்கமும் நாடகமும் நடத்துகிறோம். அவை தொடர வேண்டும். அவற்றோடு மார்ச் மாதத்தில் ஒரு வார இறுதியைத் தமிழ்ப்பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒதுக்க முடியாதா? கணக்கியல் படிக்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விலக்கு, கழிவு, தள்ளுபடி, வரிக்குரிய வருமானம் போன்ற முப்பது சொற்களுக்குத் தமிழ் விளக்கத்தோடு இரண்டு பக்கக் கையேடு ஒன்றை அச்சிட்டால் போதும். யாருடைய மறைச்சொல்லையும் நாம் கேட்க வேண்டியதில்லை. யாருக்காகவும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு விலகி நிற்கலாம்.

சுமையைத் தனியாகத் தூக்கினால் பாரம். பலர் தோள் கொடுத்தால் அதுவே பல்லக்கு. அடுத்த மார்ச் வருவதற்குள் அந்த முப்பது சொற்களைத் தொகுக்க முன்வருவோர் கழக அறைக்கு வாருங்கள், நண்பர்களே. முதல் பத்துச் சொற்களை நான் எழுதி வைத்திருக்கிறேன்.