மின்சாரம் நின்றது, மதகும் நின்றது!

விதியாம் விதி! வெள்ளம் வந்து ஏழையின் வீட்டை வாரிக்கொண்டு போனால், விதி என்கிறார் வேதாந்தி. வருணன் கோபம் என்கிறார் பூசாரி. மாடிவீட்டின்மீது மட்டும் அந்த வருணனுக்கு ஏனோ கோபமே வருவதில்லை! மேட்டைக் கண்டால் மரியாதை, பள்ளத்தைக் கண்டால் பாய்ச்சல். விசித்திரமான தேவன்தான்!

வேடசந்தூர் வட்டாரத்துத் தோழர்கள் 1977ஐப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். அன்று அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான். அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே எழுந்திருந்தது புத்தம்புது மண் அணை. ஆற்றுப் படுகைக்கு மேல் 11.45 மீட்டர் உயரம். நீர் உச்ச மட்டத்தைத் தொட்டாலும் அதற்கு மேலும் இரண்டரை மீட்டர் கரை மிஞ்சும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். மதகுகள் ஐந்து. பெரும்பாலான நாள் மணலாய்க் கிடக்கும் ஆறுதானே, என்ன செய்துவிடும் என்றுதான் எவரும் எண்ணுவர்.

வந்தது வெள்ளம்! ஓடினார்கள் ஊழியர்கள், மதகைத் தூக்க. பாதி தூக்குமுன்னே மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரை ஓட்டினார்கள்; உதவவில்லை. கையாலேயே சுழற்றினார்கள். ஆறு காத்திருக்குமா? கரைமீதே ஏறி வழிந்தது, பின்சரிவை அரித்தது, 20 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை பல இடங்களில் உடைப்பு!

கை வலிக்கச் சுழற்றிய அந்த ஊழியர்களை நாம் குறை கூறோம். எந்த நேரத்தில் மின்சாரம் தேவையோ அந்த நேரத்தில்தான் அது போகும் என்பதை முன்கூட்டியே எண்ணிப்பாராத ஏற்பாட்டைத்தான் குறை கூறுகிறோம். தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு தொடங்கும் வேலை எதுவும் முடிவதில்லை. அணைக்கும் அப்படித்தான், அரை சென்ட் வீட்டுக்கும் அப்படித்தான்.

ஒரு வேறுபாடு உண்டு. அணையிலே மின்சாரம் போனது ஆபத்து. நம் வீட்டிலோ மின்சாரம் இருப்பதே ஆபத்து! தெருவில் நீர் ஏறும்போதே, தரை காய்ந்திருக்கும்போதே, மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டதா? வீட்டைவிட்டு வெளியேறி, மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். வடிந்த பிறகும் வயர்மேன் பார்க்காமல் விளக்குப் போட வேண்டாம். கேஸ் சிலிண்டர் மிதக்கும்; ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, அசையாமல் கட்டி வையுங்கள்.

சின்னாளப்பட்டி நெசவாளத் தோழருக்கு இன்னொரு கவலை. குழித்தறியிலே முதலில் நிறைவது குழிதான். தறியைத் தூக்க முடியாது. பாவையும் நூலையும் பரணுக்கு ஏற்றலாமே! ரேஷன் அட்டை, பட்டா, வீட்டுவரி ரசீது, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், சங்கப் பாஸ்புத்தகம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி அதே பரணில் இருக்கட்டும். கிளம்பும்போது கையோடு வரட்டும். நீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுக்குமுன் செல்போனில் படம் எடுங்கள். கழுவிவிட்ட வீட்டிலே சேதம் எங்கே என்று கேட்கிறவர்கள் உண்டு.

நிவாரணம் வரும் என்று நம்பியிருக்கலாமா? 2023 டிசம்பரில் சென்னையும் தென்மாவட்டங்களும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தமிழ்நாடு டில்லியிடம் கேட்டது சுமார் 37,000 கோடிக்கு மேல். 2024 ஏப்ரலில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து வந்தது சுமார் 276 கோடி. கணக்கு அவ்வளவுதான்!

நீரைவிடக் கொடிய எதிரி ஒன்றும் உண்டு: சுவர். 2019 டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் வசதிபடைத்த வீட்டின் மதிற்சுவர் இடிந்து, அதன் நிழலில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்கள் 17 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். உயரமாகச் சுவர் எழுப்பியது விதியா, மனிதனா? மழை விட்ட பிறகும் ஊறிய மண்சுவர் விழும். வெயில் அடிக்கிறதே என்று அதனடியில் பாய் விரிக்க வேண்டாம்.

பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷெட்டுக் கழிவும் சாக்கடையும் கலந்த நீர் வீட்டுக்குள் வந்தால் அது வெறும் மழைநீரல்ல. பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள். கிணற்றை இறைத்து பிளீச்சிங் பவுடர் போடுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள். முழங்காலளவு ஓடும் நீரில் மோட்டார் சைக்கிளை இறக்கும் வீரம் வேண்டாம், தம்பி. அதில் பாதி ஆழமே ஆளைச் சாய்க்கும்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளம் வடிந்தபின் படக்காரரோடு அரிசிப் பை சுமந்து போவது எளிது. மழைக்கு முன்னே தெருத்தெருவாய்ப் போக வேண்டும். நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில், நிறைமாதக்காரி எந்த வீட்டில், தூக்கிச் செல்ல நான்கு இளைஞர் யார்? மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108 என்று சுவரிலேயே எழுதி வையுங்கள். அப்புறம், மேட்டிலிருக்கும் அந்தப் பள்ளிக்கூடம். பூட்டுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். கதவிலே நல்ல பூட்டாகத்தான் தொங்கும். நள்ளிரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும் என்பதை இந்த வாரமே கேட்டு வையுங்கள்.