உயரத்துக்கு ஒரு வால்

மண்ணாடிப்பட்டில் ஒரு திண்ணையில் சிறுவன் ஒருவன் 'டால், டாலர், டாலஸ்ட்' என்று உருப்போட்டுக்கொண்டிருந்தான். "தம்பி, தமிழில் இதை எப்படிச் சொல்வாய்?" என்றேன்.

"தமிழ்ல டிகிரியே கிடையாதுங்க, சார் சொன்னாரு" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. கிடையாதுதான், அது குறையா? 'தென்னையைவிடப் பனை உயரம்' என்கிறோம். உயரத்தின்மேல் கை வைப்பதில்லை. தென்னையோடு 'விட'வைச் சேர்த்துவிடுகிறோம். 'எல்லாவற்றையும்விட' என்றால் மூன்றாம் படியும் ஆயிற்று. நிறமோ சுவையோ அளவோ, ஒன்றை ஒன்றோடு ஒப்பிடும் வேலையைத் தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமையிடம் அன்றே ஒப்படைத்துவிட்டார்.

ஆங்கிலம் மட்டும் என்ன? 'பியூட்டிஃபுல்' வந்தால் வாலைக் கழற்றிவிட்டு 'மோர்' என்று முன்னால் வைக்கிறது. 1954 வரை இந்த மண்ணை ஆண்ட பிரெஞ்சுக்காரர் மொழியிலும் பெரும்பாலும் முன்னால் ஒரு சொல்லை வைத்தால் போதும். அதற்காக அந்த மொழியை ஏழை என்றவர் உண்டா?

ஆங்கிலம் கற்கட்டும்; நன்றாகவே கற்கட்டும். 'இங்கே தென்னை மாறுகிறது, அங்கே உயரம் மாறுகிறது' என்று ஒரு வரி சொன்னால் பையனுக்கு இரண்டு மொழியும் விளங்கும். அதை விட்டுவிட்டுத் 'தமிழில் இல்லை' என்று மட்டும் சொல்பவர் கற்பிப்பது இலக்கணமல்ல, தாழ்வு மனப்பான்மை.