சிறிய பெற்றரியும் பெரிய அச்சமும்

ஹட்டன் செல்லும் வழியில், கித்துல்கலவில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பியபோது எனது ஹைபிரிட் கார் உயிரற்றுக் கிடந்தது. "ஹைபிரிட் பெற்றரி முடிந்துவிட்டது, இலட்சக்கணக்கில் செலவாகும்" என்றார், தொலைபேசியில் ஒரு திருத்துநர்.

இத்தகைய கார்களில் பெற்றரிகள் இரண்டு. காரை ஓட்டுவதில் பங்குகொள்வது பெரியது. கணினியை விழிக்கச் செய்வது 12 வோல்ட் சிறியது. சிறியது படுத்துவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. தள்ளினாலும் கார் இயங்காது. இயந்திரத்தைச் சுழற்றும் சுமை சிறியதற்கு இல்லையாதலால், தோட்டத்துத் தம்பி ஒருவரின் முச்சக்கரவண்டிப் பெற்றரியே எனக்குப் போதுமாயிற்று.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டது. ஆகவே நம் வீதிகளில் முதிர்ந்த ஹைபிரிட் கார்கள் ஏராளம். அவற்றின் உரிமையாளரது அறியாமையே சிலருக்கு வருமானம். முதலில் சிறியதை அளக்கச் சொல்லுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கவேண்டும். பணப்பையைப் பிறகு திறக்கலாம்.