அளக்க வருகிறவருக்குக் கூலி கொடுப்பது யார்?



ஒருநாள் காலையில் ஏலாக்கரையில் ஒரு ஜீப் வந்து நிற்கும். இரண்டு பேர் இறங்குவார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பார்கள். வரப்போரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிக் கவரில் போடுவார்கள். "என்ன சாரே, எதுக்கு?" என்று கேட்டால், "சும்மா ஒரு சர்வே" என்பார்கள். நாமும் இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பி வைப்போம். நம்ம குணம் அப்படி! கொஞ்ச மாதம் கழித்து நம் வயலில் என்ன விளைகிறது, குளத்தில் தண்ணீர் நிற்கிறதா என்றெல்லாம் சொல்கிற தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேரும். அதைத் தயாரித்தவருக்குப் பெயர் சுற்றுச்சூழல் ஆலோசகர்.

அவருக்குக் கூலி கொடுப்பது யார்? அரசாங்கமா? இல்லை. நிலத்தைக் கேட்கிற கம்பெனிதான் அவரைத் தேடிப் பிடிக்கிறது, ஒப்பந்தம் போடுகிறது, காசும் கொடுக்கிறது. 2006 செப்டம்பர் 14-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி இன்றைக்கும் நடைமுறை இதுதான். ஆலோசகருக்கு நாபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். ஆனால் சம்பளம் வரும் வழி மாறவில்லை. கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லின் ஈரப்பதம் பார்க்கிற ஆளுக்கு வியாபாரி சம்பளம் கொடுத்தால், நெல் என்றைக்காவது காயுமா?

எல்லா ஆலோசகரும் கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. படித்த, நேர்மையான பிள்ளைகளும் அந்த வேலையில் இருக்கிறார்கள். ஆனால் "இந்த இடம் ஆகாது" என்று எழுதிக் கொடுப்பவரை அடுத்த வேலைக்கு எந்தக் கம்பெனி கூப்பிடும்?

இது யாருக்கோ வந்த வினை என்று நினைத்துவிடாதீர்கள். கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில், அதாவது சுமார் 2,800 ஏக்கரில், அணுக் கனிம மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் திட்டம் போட்டது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2024 அக்டோபர் 1 அன்று நடக்கும் என்று அறிவித்தார்கள். கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் எதிர்ப்பு கிளம்பியதால் அது தள்ளிப்போனது. மணவாளக்குறிச்சியில் 1909-லேயே மோனசைட் கண்டுபிடிக்கப்பட்டு, நூறாண்டுக்கும் மேலாக மணல் எடுக்கிறார்கள். அது நெய்யூருக்குப் பக்கத்து ஊர்தானே! சுரங்க அறிக்கை என்றால் திட்ட இடத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை ஆராய வேண்டும். அந்த வட்டத்தைப் போட்டுப் பாருங்கள், நம்முடைய விளையும் வயலும் எங்கே கிடக்கிறது என்று தெரியும்.

இனி நம்மை நேராகத் தொடுகிற சங்கதிக்கு வருவோம். இந்த அறிக்கைக்கு வழக்கமாகக் கேட்பது மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் கணக்கு மட்டும்தான். மூன்று மாதம் அளந்தால் போதும். வருடத்தில் இரண்டு மழை பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் போடுகிறோம். கும்பப்பூ அறுத்து, சானலில் தண்ணீர் நின்று, ஏலா காய்ந்து கிடக்கிற பங்குனி, சித்திரையில் வந்து அளந்தால் என்ன எழுதுவார்கள்? "தரிசு" என்றுதான் எழுதுவார்கள். பேச்சிப்பாறைத் தண்ணீர் எந்தச் சானல் வழியாக எந்தக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து எந்த மடை வழியாக யார் வயலுக்குப் போகிறது என்பது சித்திரை வெயிலில் கண்ணுக்குத் தெரியுமா?

அளக்காமலே எழுதிய கதையும் உண்டு. மகாராஷ்டிராவில் ரத்னகிரி மாவட்டத்து பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்காக 2000-களில் தயாரித்த அறிக்கையில், ரஷ்ய நாட்டுச் சுரங்க அறிக்கையின் பகுதிகள் அப்படியே இருந்தன. மாம்பழம் விளைகிற ஊரில் பனிப்பிரதேசத்து ஸ்புரூஸ் மரக்காடு!

கடை, மண்டபம், அடுக்குமாடி கட்டுகிறவர்கள் கதை வேறு. 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடம் என்றால் இந்த அனுமதியே தேவையில்லை. அதற்கு மேல் போனாலும் மக்கள் கருத்துக் கேட்பு கிடையாது. வயலை நிரப்பிக் கட்டும்போது, பக்கத்து வயலுக்கு மடை அடைபட்டதா என்று கேட்க ஆளில்லை.

இப்போது சுரங்கத்துக்கும் அதே வழியைத் திறந்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம், விண்ணப்பத்தை டில்லியிலேயே பார்த்துக்கொள்வோம் என்றது. தமிழ்நாடு அரசு எதிர்ப்புத் தெரிவித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. கூட்டம் நடந்தால் அதிகாரி முகத்துக்கு நேரே "இது பொய்" என்று சொல்லலாம், அதை வீடியோவிலும் பதிய வேண்டும். கூட்டமே இல்லையென்றால், கம்பெனி காசில் எழுதிய அந்தப் புத்தகம் ஒன்றுதான் டில்லி மேஜையில் சாட்சி!

நாம் கேட்பது நியாயமானது. கம்பெனி கட்ட வேண்டிய கூலியை அரசிடம் கட்டட்டும், ஆலோசகரை அரசு நியமிக்கட்டும். இரண்டு பூவிலும் அளக்கட்டும். சுருக்கத்தை மட்டும் தமிழில் கொடுத்து ஒப்பேற்றாமல், அறிக்கை முழுவதையும் தமிழில் தரட்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வேண்டுமென்றே உண்மையை மறைத்தாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அதே 2006 அறிவிக்கை சொல்கிறது. அனுமதி கொடுத்துவிட்டாலும் 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். ஆனால் பொய் என்று காட்ட நம் கையில் கணக்கு வேண்டுமே! வாயால் சொன்னால் எந்த அதிகாரி ஏற்பார்?

ஆகவே ஒவ்வொரு ஏலாவுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். குளத்தின் பெயர், சர்வே நம்பர், எத்தனை மடை, எந்த மாதம் தண்ணீர் வந்தது, எப்போது நின்றது. கிணற்றில் மாதம் ஒருமுறை கயிறு விட்டு எத்தனை அடியில் தண்ணீர் என்று எழுதுங்கள். நெல்லா, மட்டி வாழையா, மரச்சீனியா, தெங்கா என்று பயிர்வாரியாகக் குறியுங்கள். பிள்ளைகளிடம் சொல்லி, செல்போனில் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்கி அதோடு சேர்த்துத் தையுங்கள்.

நெய்யூர் பேரூராட்சி என்பதால் நமக்குக் கிராம சபை கிடையாது. ஊராட்சிக்காரர்கள் போல அங்கே தீர்மானம் போட நமக்கு வழியில்லை. நம் தீர்மானம் இந்த நோட்டுப் புத்தகம்தான். கும்பப்பூ அறுப்பு முடிவதற்குள் முதல் நகலைச் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் நாமே அனுப்பி வைப்போம். ஜீப் வந்தால் இளநீர் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே வந்தவர் பெயர், எந்தக் கம்பெனிக்காக வந்தார், எந்தக் கிணற்றில் எந்தத் தேதியில் தண்ணீர் எடுத்தார் என்பதையும் கேட்டு அந்த நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.