சீனிக்கிழங்கும் மூணு வாத்தியார்களும்

போன ஞாயித்துக்கிழமை நானும் தங்கமணியும் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவங்க பையனுக்கு ஆறு மாசம் முடிஞ்சு ரெண்டு நாள் ஆகியிருந்தது. "இன்னைக்குத்தான் முதல் சாப்பாடு ஊட்டப் போறோம், சரியான நேரத்துக்கு வந்தீங்க"ன்னு நண்பருக்கு ஒரே சந்தோஷம்.

சமையல் மேடையில ஒரு டப்பா. ஆரஞ்சு கலர்ல பளபளன்னு லேபிள். சக்கரவள்ளிக்கிழங்கு பவுடர், நூறு கிராம் முன்னூத்திச் சொச்சம் ரூபா. "வைட்டமின் ஏ நிறைந்தது, பாரம்பரிய முறையில் தயாரித்தது"ன்னு போட்டிருந்தது. அதுக்கு நேர் கீழ, காய்கறிக் கூடையில, நாலு முழுக் கிழங்கு மண்ணோட சும்மா கிடக்கு!

நண்பரோட அம்மா, "பச்சப் பிள்ளைக்குக் கிழங்கு ஆகுமாய்யா? வாயுல்லா. சரி, குடுக்கிறதுதான் குடுக்கீங்க, ரெண்டு ஸ்பூன் சீனியாவது போட்டுக் குடுங்க"ங்கிறாங்க. நண்பர் போனைத் தடவிக்கிட்டே "நாலு மாசத்துலயே ஆரம்பிச்சிருக்கணுமாம், லேட் பண்ணிட்டோம்"ங்கிறார். டப்பா ஒண்ணு சொல்லுது, அம்மா ஒண்ணு சொல்றாங்க, போன் ஒண்ணு சொல்லுது. நடுவுல அந்தப் பொண்ணு கையில ஸ்பூனோட நிக்குது. தங்கமணி போய் தோள்ல கை வச்சதும் "எனக்கு ஒண்ணுமே தெரியலைக்கா, நான் எது பண்ணாலும் தப்பாயிருது"ன்னு கண்ணு கலங்கிருச்சு.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறலை. ஒரு கிழங்கை அவிச்சு மசிச்சுக் குடுக்கிறதுக்கு ஒரு பொண்ணு அழணுமா? கொட்டித் தீத்துடறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல பேர் குழப்பம் வேண்டாம். மெட்ராஸ்ல சக்கரவள்ளி, எங்க திருநெல்வேலிப் பக்கம் சீனிக்கிழங்கு, ஈழத்து நண்பர்களுக்கு வத்தாளங்கிழங்கு. எல்லாம் ஒண்ணுதான். பொங்கலுக்குக் கூட்டுக்கு வாங்குவோமே, அதே ஆசாமி. உருளைக்கிழங்குக்குச் சொந்தக்காரன்னு நினைக்காதீங்க, இது வேற குடும்பம். "பாரம்பரியம்"னு லேபிள் ஒட்டுறவங்களுக்கு ஒரு தகவல்: இது அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பலேறி வந்தது :-)

வாத்தியார் நம்பர் ஒண்ணு: டப்பா

பச்சைக் கிழங்குல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாவே தண்ணிதான். ஆவியில வெந்துச்சுன்னா விரலால அமுக்குனாலே மசிஞ்சிரும். அதைச் சீவி, காய வச்சு, அந்தத் தண்ணியை எல்லாம் விரட்டி, அரைச்சு, டப்பாவுல அடைச்சு விக்கிறாங்க. நாம வாங்கிட்டு வந்து மறுபடி தண்ணி ஊத்திக் கலக்குறோம். கிலோ நாப்பது அம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற சாமானுக்கு இந்த வேலைக்கு எவ்வளவு அழுறோம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

சரி, காசு போனாப் போகட்டும். வைட்டமின் ஏ விஷயத்துக்கு வாங்க. கிழங்குல இருக்கிறது பீட்டா கரோட்டின். உடம்புதான் அதை வைட்டமின் ஏ-வா மாத்திக்கும். அந்தச் சரக்கு ஆரஞ்சு சதை உள்ள கிழங்குலதான் நிறைய இருக்கும். ஆப்பிரிக்காவுல இந்த ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பினதுக்காக 2016-ல உலக உணவுப் பரிசே குடுத்தாங்க. நம்ம பக்கத்துலயே, திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்கிற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ கனகா', 'பூ சோனா'ன்னு ஆரஞ்சு ரகங்களை வெளியிட்டிருக்கு. ஆனா நம்ம ஊர்ச் சந்தையில பெரும்பாலும் கிடைக்கிறது மேல சிவப்பு, உள்ள வெள்ளை. அதுல பீட்டா கரோட்டின் ரொம்பக் கம்மி. நண்பர் வீட்டு டப்பாவைத் திறந்து பாத்தேன். லேபிள்தான் ஆரஞ்சு, உள்ள இருந்த பவுடர் வெளேர்னு இருந்துச்சு! ஆரஞ்சுக் கிழங்காவே இருந்தாலும் காய வச்சு, வெளிச்சமும் காத்தும் படுற மாதிரி மாசக்கணக்குல வச்சிருந்தா அந்தச் சத்து குறைஞ்சுக்கிட்டேதான் போகும்.

இன்னொண்ணு. 1992-ல வந்து 2003-ல திருத்தின குழந்தை உணவுச் சட்டம் நம்ம நாட்டுல இருக்கு. ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்கான உணவுக்கு விளம்பரமே பண்ணக்கூடாதுங்குது. அதுல இருக்கிற வரையறையைப் படிச்சா, "ஆறு மாசம் முதல்"னு போட்டு விக்கிற இந்தப் பவுடர்களும் அதுக்குள்ள வர்ற மாதிரிதான் எனக்குத் தெரியுது. ஆனா போனைத் திறந்தா தள்ளுபடியோட வந்து நிக்குது. பெரிய கம்பெனிக்காரங்களும் சும்மா இல்லை. 2024 ஏப்ரல்ல வந்த 'பப்ளிக் ஐ' அறிக்கை ஞாபகம் இருக்கா? பன்னாட்டு நிறுவனம் ஒண்ணு இந்தியாவுல விக்கிற குழந்தை மாவுல, ஒரு வேளைக்குச் சராசரியா மூணு கிராம் கிட்ட சர்க்கரை சேர்த்திருந்தது, அவங்க சொந்த ஊரான சுவிட்சர்லாந்துல அதே மாதிரி மாவுல சேர்க்கலைன்னு. சத்தம் கிளம்பின பிறகுதான் அந்த வருஷக் கடைசியில இங்கயும் சர்க்கரை இல்லாத வகையை அறிவிச்சாங்க. கேட்டாத்தான் கிடைக்கும்னா, கேக்காம விட்டது நம்ம தப்பும்தானே?

வாத்தியார் நம்பர் ரெண்டு: பெரியவங்க

அடிக்க வராதீங்க, நானும் ஆச்சி கையால வளந்தவன்தான். பெரியவங்க சொல்றதுல பாதி தங்கம். இட்லிச் சட்டியில ஆவி கட்டுறது, கையாலயே மசிக்கிறது, ஒரு சொட்டு நெய் விடுறது எல்லாமே சரி. பீட்டா கரோட்டின் உடம்புல சேரக் கொழுப்பு வேணும்னு படிச்சப்போ "எங்க ஆச்சி அப்பவே சொன்னா"ன்னுதான் தோணுச்சு.

மீதிப் பாதிதான் பிரச்சினை. "வாயு"ங்கிறாங்க. அரைவேக்காட்டுக் கிழங்கை அளவில்லாமத் தின்னா எனக்கே வயிறு உப்பும். அதுக்கு வைத்தியம் நல்லா வேக வச்சுக் கொஞ்சமாக் குடுக்கிறதுதான், தடை போடுறது இல்லை. அப்புறம் சீனி. பேர்லயே சீனி இருக்கிற கிழங்குக்கு எதுக்குய்யா சீனி? ஒரு வயசு வரைக்கும் உப்பும் சர்க்கரையும் சேர்க்காம இருக்கிறதுதான் பிள்ளைக்கு நல்லது. நாக்குல தேன் தடவுற பழக்கம் இன்னும் மோசம். ஒரு வயசுக்குள்ள தேன் குடுத்தா பாட்டுலிசம்னு ஒரு விஷ நோய் வர வாய்ப்பிருக்கு. அபூர்வம்தான், ஆனா வந்தா உயிர் சமாச்சாரம்.

மூணாவது, "தண்ணியாக் கரைச்சுக் குடு, தொண்டையில சிக்கிரும்". பிள்ளை வயிறு எத்தனூண்டு! அதுல தண்ணியை ரொப்பினா சத்துக்கு எடம் எங்க? ஸ்பூனைச் சாய்ச்சா ஓடாம நிக்கிற பதம்தான் சரியான பதம்.

வாத்தியார் நம்பர் மூணு: இணைய அறிவாளி

இந்த அறிவாளி யாருன்னா, அடியேன்தான்.

எங்க ரெண்டாவது பையனுக்கு நான் டப்பா வாங்கலை, சீனி போடலை, தேன் தடவலை. எல்லாத்தையும் படிச்சுட்டு, சீனிக்கிழங்கு ஒரு 'சூப்பர் ஃபுட்'னு மண்டையில ஏத்தி வச்சிருந்தேன். காலையில கிழங்கு, மதியம் கிழங்கும் ரெண்டு வாய் சோறும், சாயங்காலம் ஆப்பிள். பையன் சமத்தா சாப்பிட்டான், கொழுக் மொழுக்னு இருந்தான். பாக்கிறவங்ககிட்ட எல்லாம் நான் கிளாஸ் எடுத்தேன். தங்கமணி "பருப்பு குடுக்கலாமா, முட்டை குடுக்கலாமா"ன்னு கேட்டப்போ, "எதுக்கு அவசரம், கிழங்குலயே எல்லாம் இருக்கு"ன்னு சொன்னது நான்தான்.

ஒன்பதாம் மாசம் சாதாரணக் காய்ச்சலுக்குப் போன எடத்துல டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பாத்தாங்க. ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. ஹீமோகுளோபின் 8.9. "என்ன குடுக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க. பெருமையாச் சொன்னேன். "பருப்பு? முட்டை? மீன்? கறி?" நான் வாயைத் திறக்கலை. தங்கமணி என்னைத் திரும்பிப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. அதை இன்னும் மறக்கலை.

விஷயம் இதுதான். பிள்ளை பிறக்கும்போது அம்மாகிட்ட இருந்து கொண்டு வர்ற இரும்புச்சத்து இருப்பு, கிட்டத்தட்ட ஆறு மாசத்துல தீந்துரும். தாய்ப்பால்ல இரும்பு கம்மி. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் திட உணவு. கிழங்குல மாவுச்சத்து உண்டு, நார் உண்டு, ருசி உண்டு. இரும்பு பேருக்குத்தான். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்கள்ல, நாடு முழுக்க நூத்துக்கு 67 பேருக்கு ரத்தசோகை. நம்ம தமிழ்நாட்டுல நூத்துக்கு 57. பாதிக்கு மேல!

மூணு மாசம் இரும்புச் சொட்டு மருந்து குடுத்தோம். பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் சேர்த்தோம். இப்போ பையன் நல்லா இருக்கான், அக்காகூட மல்லுக்கு நிக்கிறான். ஆனா அந்த ரிப்போர்ட் காகிதத்தை நான் இன்னும் பத்திரமா வச்சிருக்கேன், வாய் நீளுறப்போ எடுத்துப் பாக்கிறதுக்கு.

சரி, எப்படித்தான் குடுக்கிறது?

ஆறு மாசம் முடியட்டும். தலை நிக்கணும், பிடிச்சா உக்காரணும். கெட்டியான, பூச்சி அரிக்காத கிழங்கா எடுங்க. வண்டு துளைச்ச கிழங்கு கசக்கும், அதனால முதல் வாய் நீங்க தின்னு பாருங்க, கசந்தாத் தூக்கிப் போட்டுருங்க. மண்ணு போகக் கழுவி, தோலோட, ரெண்டா வெட்டி, இட்லிச் சட்டியில கத்தி வெண்ணெய் மாதிரி இறங்குற வரைக்கும் ஆவி கட்டுங்க. அவசரமில்லாம வெந்தா இனிப்புக் கூடும், ஏன்னா கிழங்குல இருக்கிற நொதி சூடு ஏற ஏற மாவுச்சத்தைச் சர்க்கரையா மாத்துது. தோலை உரிச்சு, நார் இருந்தா எடுத்துட்டு, ஸ்பூனால மசிங்க. ரொம்பக் கெட்டியா இருந்தா தாய்ப்பால் கொஞ்சம் விடுங்க. ஒரு சொட்டு நெய். முடிஞ்சது. மிஷின் வேண்டாம்.

ரெண்டு மூணு ஸ்பூன்ல ஆரம்பிங்க, தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. துப்புனாத் திணிக்காதீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். ரெண்டு நாள் பழகினதும் அதே கிழங்கோட குழைய வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து மசிங்க. ஒரு சொட்டு எலுமிச்சை விட்டா பருப்புல இருக்கிற இரும்பு நல்லா சேரும். அசைவம் உண்டுன்னா நல்லா வெந்த முட்டை, மீன், நைஸா மசிச்ச கறி. வைட்டமின் ஏ வேணும்னா பரங்கிக்காய், கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை இருக்கவே இருக்கு. மாசம் ஏற ஏற மசியலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொரகொரப்பாக்குங்க. எட்டு ஒன்பது மாசம் வரைக்கும் கூழாவே ஊட்டுனா, அப்புறம் மெல்லப் பழகுறதுக்கு அடம் பிடிக்கும்.

சீனிக்கிழங்கு நல்ல சாப்பாடு. மருந்தும் இல்லை, விஷமும் இல்லை, அதுவே எல்லாமும் இல்லை. இதைத்தான் மூணு வாத்தியாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. டப்பாக்காரருக்கு வியாபாரம், பெரியவங்களுக்குப் பயம், என்னை மாதிரி ஆளுக்கு வீம்பு. பலி அந்தப் பொண்ணு.

அன்னைக்கு என்னாச்சுன்னு சொல்லலையே. தங்கமணி கூடையில இருந்து ஒரு கிழங்கை எடுத்துக் கழுவி அடுப்புல வச்சா. அரை மணி நேரத்துல அந்தப் பொண்ணே மசிச்சு, அதுவே ஊட்டுச்சு. பையன் முதல் வாயைத் துப்புனான். ரெண்டாவது வாயையும் துப்புனான். மூணாவது வாய்க்கு நாக்கைச் சப்புக் கொட்டிட்டு இன்னும் கேட்டான். நண்பரோட அம்மாதான் முதல்ல சிரிச்சாங்க.

உங்க வீட்டுல எப்படி? ஒத்துக்கலைன்னா பின்னூட்டத்துல வந்து கும்முங்க, வாங்கிக்கிறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, ஒரு தடவை சூடுபட்ட அப்பன். குறைமாசத்துல பிறந்த பிள்ளை, எடை கம்மியான பிள்ளைன்னா உங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டே ஆரம்பிங்க.